ஆச்சி வீடு குழு: ஒன்பதாவது பாட்டு

பாப்பு (லைப்சிக்): எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு யோசனை வேண்டும். அடுத்த மாதம் எங்கள் மாணவர் கச்சேரி, நான் பியானோ. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் ‘பெண்ணின் காதலும் வாழ்வும்’, 8 பாட்டு. கூடவே என் தோழி புதிதாக மெட்டமைத்த 2 பாட்டு.

மாமா: கதை என்ன?

பாப்பு: ஒருத்தி ஒருவனைப் பார்க்கிறாள். மோதிரம், கல்யாணம், குழந்தை. 8-வது பாட்டில் அவன் இறந்துபோகிறான். ‘நீ தந்த முதல் வலி இதுதான்’ என்று பாடிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள்.

சித்தி: அதோடு அவள் வாழ்வும் முடிந்ததாக்கும். எழுதியவர் ஆண்தானே?

பாப்பு: ஆமாம், கவிஞர் சமிஸோ. ஷூமான் மெட்டமைத்தது 1840 ஜூலையில். செப்டம்பரில் அவருக்கும் கிளாராவுக்கும் கல்யாணம். பெண்ணின் அப்பா சம்மதிக்காமல் கோர்ட் வரை போன கல்யாணம்.

சித்தி: அந்த கிளாரா என்ன ஆனார்?

பாப்பு: 1856-ல் ஷூமான் போனார். 8 பிள்ளை பெற்றவர், அதற்குப் பிறகு 40 வருடம் இருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துத்தான் குடும்பத்தை நடத்தினார்.

சித்தி: 😏

பாப்பு: இன்னும் கேளுங்கள். 6-வது பாட்டில் பிள்ளை உண்டாகியிருப்பதைக் கணவனிடம் சொல்கிறாள். ‘அம்மாவிடம் கேட்டேன், எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், சீக்கிரம் தொட்டில் வேண்டியிருக்குமாம்’ என்று கவிதையில் ஒரு பத்தி உண்டு. ஷூமான் அதை எடுத்துவிட்டார். கட்டில் பக்கம் தொட்டிலுக்கு இடம் இருக்கிறது என்ற வரி மட்டும் பாட்டில் இருக்கிறது.

அம்மா: தொட்டிலை வைத்துக்கொண்டு அம்மாவை வெட்டிவிட்டாரா! நல்ல மாப்பிள்ளை.

பாப்பு: பாட்டியையும்தான். 9-வதாக ஒரு கவிதை உண்டு. அந்தப் பெண்ணே கிழவியாகி, பேத்தியிடம் பேசுவது. இந்த இரண்டையும்தான் தோழி மெட்டமைத்திருக்கிறாள். 9-வதை எங்கே வைப்பது என்றுதான் எங்களுக்குள் சண்டை.

மாமா: 8-க்குப் பிறகு 9. இதில் என்ன சண்டை?

பாப்பு: 8 முடிந்ததும் பியானோ மட்டும் முதல் பாட்டைத் திரும்ப வாசிக்கும். பாடகி சும்மா நிற்பாள். முன்பு குரல் எழும்பிய இடத்தில் மெட்டு பியானோவுக்குள் அமுங்கிவிடும். கேட்பவர்தான் மனதுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் எனக்கே கை தயங்கும். அதற்குமேல் இன்னொரு பாட்டா?

மாமா: அதுவும் சரிதான். மங்களம் பாடிய பிறகு வர்ணம் எடுப்பார்களா?

சித்தி: அப்போ பாட்டியை மறுபடியும் வெட்டப் போகிறீர்களா?

🎤 ஆச்சி: குரல் பதிவு (0:41)

அம்மா: கேட்காதவர்களுக்கு: “அந்தக் கிழவி என்னதான் சொல்லுதா?” என்று கேட்கிறார்கள். மிச்சமெல்லாம் இருமல்.

பாப்பு: ஆச்சி, ‘என் நாளின் கனவு தூரம் போயிற்று, மகள் வயிற்று மகளே’ என்றுதான் ஆரம்பம்.

🎤 ஆச்சி: குரல் பதிவு (0:09)

அம்மா: “அப்போ அவளை முதல்ல பாட விடு. மிச்சத்தை அவ உக்காந்து நெனச்சுப் பாக்கட்டும்.”

மாமா: அட!

பாப்பு: ஆச்சி!!! அப்போ கடைசியில் வரும் பியானோவும் பாட்டியின் காதில் கேட்பதாகிவிடும். இதோ தோழிக்கு அனுப்புகிறேன்.

அம்மா: அதெல்லாம் சரி, என் பத்தி எங்கே வருகிறது?

பாப்பு: 6-க்குள் சொருகினால் இடிக்கிறது. அது முடிந்ததும், பியானோ இல்லாமல் குரல் மட்டும்.

அம்மா: ம்.

மாமா: பதிவு போடும்போது முழுசாகப் போடு, 30 விநாடித் துண்டு வேண்டாம்.