ஒரே ஏலத்தில் வாங்கிய மூன்று நாற்காலிகள், மூன்று விலை

அப்பா சண்டிகரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1988இல் ஒரு துறையில் பயன்படாது என்று கழித்த நாற்காலிகளை ஏலம் விட்டபோது மூன்றை 90 ரூபாய்க்கு எடுத்தார். ஓய்வுபெற்று ஸ்ரீரங்கம் திரும்பியபோது மற்ற சாமான்களோடு அவையும் லாரியில் வந்தன. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், பக்கவாட்டில் பார்த்தால் கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்கள்.

அப்பா காலமான பிறகு வீட்டை ஒழித்தோம். பழைய சாமான் எடுக்க வந்தவர் மூன்றுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் என்றார். அம்மா தலையசைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று நிறுத்தினேன். நான் படித்து வளர்ந்தது சண்டிகரில். இதே நாற்காலிகள் மொட்டை மாடிகளில் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து கிடந்ததைப் பார்த்தவன். பின்னாளில் அவை பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்குப் போனதையும் செய்தியில் படித்திருந்தேன்.

இவற்றின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே சண்டிகர் நகரைத் திட்டமிட்டார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜானரே அங்கேயே தங்கி 1965 வரை வேலையை நடத்தினார். 1967இல் அவர் இறந்த பிறகு அவருடைய அஸ்தியைக் கூட அங்குள்ள சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய மேசை நாற்காலிகளை அவரும், யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வடிவமைத்தார்கள். செய்து கொடுத்தவை உள்ளூர்த் தச்சுப் பட்டறைகள். 1990களின் பிற்பகுதியில் பிரெஞ்சு வியாபாரிகள் வந்து ஏலங்களில் மொத்தமாக எடுத்துப் போனார்கள். நூறு ஆண்டு ஆகாத நாற்காலி தொல்பொருள் சட்டத்துக்குள் வராது என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

விலை தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை வெளிநாட்டுக் கடைகளின் விற்பனைப் பக்கங்கள். அந்தத் தொகைகளைப் பார்த்து அக்காள் மகன் புது வீட்டுக்கே கணக்குப் போட்டுவிட்டான். அவை கேட்கும் விலைகள். அந்த விலைக்கு விற்றதா என்பதற்கு அங்கே அத்தாட்சி கிடையாது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய முடிவுகளைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கும், விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன் தெரியாது. நம் கைக்கு வருவது இரண்டையும் கழித்த மீதிதான்.

பிறகு டெல்லியில் ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்தேன். அவர் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பார்த்துச் சொல்ல ஒரே கட்டணம். விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடமும், தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரிடமும் மதிப்புக் கேட்காதீர்கள். வேறு வேலையாகத் திருச்சி வந்தவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

கூடத்தில் போர்வையை விரித்து மூன்றையும் கவிழ்த்துப் போடச் சொன்னார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கால்களின் அடியில் விரலை வைத்துத் தடவினார். பல ஆண்டுகள் தரை துடைத்த ஈரம் ஏறி, இரண்டு நாற்காலிகளில் அங்குல உயரத்துக்கு மரம் கறுத்திருந்தது. பிரம்பு கோக்கும் துளைகளை எண்ணினார். கையால் போட்ட துளைகள், இடைவெளி ஒன்றுபோல் இல்லை. "நாற்காலிக்கு நாற்காலி அளவு கொஞ்சம் மாறுவது நல்லதுதான். பல பட்டறைகளில் செய்தவை. எல்லாம் அச்சில் வார்த்தது போல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்" என்றார்.

முதல் நாற்காலி அப்பாவின் எழுதும் மேசைக்குப் பின்னால் இருந்தது. பிரம்பு இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது, கைப்பிடி தேய்ந்திருக்கிறது. முதுகுச் சட்டத்தின் பின்னால் வெள்ளைப் பெயின்டில் 'பி.யூ.' (பஞ்சாப் பல்கலைக்கழகம்) என்ற எழுத்தும், துறையின் சுருக்கப் பெயரும், ஓர் எண்ணும் இருக்கின்றன. ஒன்றரை முதல் இரண்டு லட்சம் வரை சொன்னார்.

இரண்டாவதில் பிரம்பு போனதும் அம்மா பிளாஸ்டிக் ஒயர் போட்டுவிட்டார், பச்சையும் மஞ்சளுமாக. பார்க்கச் சகிக்காது. ஆனால் மரத்தில் யாரும் கை வைக்கவில்லை, எழுத்தும் அப்படியே இருக்கிறது. "ஒயரைப் பிரித்துப் பிரம்பு பின்னினால் சரியாகிவிடும். அந்தக் கூலியை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டிலேயே அழகானது. அப்பாவின் மணிவிழாவுக்கு அவரை உட்கார வைக்க அண்ணன் ஆசையோடு செய்தது. உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து, பாலிஷ் ஏற்றி, புதுப் பிரம்பும் பின்ன வைத்தான். முதுகுச் சட்டத்தில் எழுத்து இல்லை, காலடிக் கறுப்பு இல்லை, கைப்பிடியின் விளிம்புகூட மழுங்கிவிட்டது. மதிப்பீட்டாளர் அதை நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அசல் என்று எனக்குத் தெரிகிறது. வாங்குபவருக்கு எதைக் காட்டுவீர்கள்?" என்று கேட்டார். நாற்பதாயிரம் என்றார். அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. விசாரித்தது எப்படியோ வெளியே தெரிந்து ஒரு வியாபாரி போனில் அழைத்தார். "இதெல்லாம் அரசு தடை செய்த பொருள். போலீஸ் வரும். நான் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு, அரசுத் துறைகள் தங்கள் வசமுள்ளவற்றை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்பதற்கு. அதற்கு முன் முறையாக ஏலத்தில் எடுத்தவருக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் முறையாக எடுத்தோம் என்று காட்ட வேண்டுமே! அப்பாவின் எல்.ஐ.சி. பத்திரக் கோப்புக்குள், நான்காய் மடித்து, துறையின் முத்திரையோடு அந்த 90 ரூபாய் ரசீது இருந்தது. மதிப்பீட்டாளர் அதை இரண்டு முறை படம் எடுத்துக்கொண்டார்.

டென்மார்க்கிலிருந்து குழுவின் ஓர் உறுப்பினர் இட்ட கருத்து:

இங்கே நிலைமை வேறு மாதிரி. பழைய பொருள் சந்தையில் இந்நாட்டு வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரின் ஒய் வடிவ முதுகுக் கதிரை இரண்டு வாங்கினேன். 1950 முதல் இன்றுவரை அதே நிறுவனம் செய்துகொண்டிருக்கிறது. புதியது கடையில் கிடைப்பதால் பழையதன் விலை ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. இருக்கையில் நூறு மீட்டருக்கு மேல் காகிதக் கயிறு ஓடுகிறது, அதைப் புதிதாகப் பின்னினால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அவருடைய 1949ஆம் ஆண்டு வட்டக் கதிரையில், முதலில் செய்த யோஹானெஸ் ஹான்சன் பட்டறையின் சூட்டு முத்திரை அடியில் இருந்தால் கதையே வேறு. சந்தைக்குப் போனால் முதலில் கதிரையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் தச்சுத் தொழில் செய்பவன். உங்கள் அண்ணனைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. பாலிஷ் கேட்டு வருபவரிடம் பழைய எழுத்தை விட்டுவைக்கட்டுமா என்று நாங்களும் கேட்பதில்லை. இனி நான் கேட்பேன். மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: மரம் நெடுக்கே சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். பழைய வட்ட மேசையை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், ஒரு பக்கம் சில மில்லிமீட்டராவது குறைந்திருக்க வேண்டும். கச்சிதமான வட்டமாக இருந்தால் பலகை பழையதல்ல. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தேக்கா ஷீஷமா (ஈட்டி இன மரம்) என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஷீஷம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எந்த நாற்காலியை விற்கப்போகிறீர்கள்?

பதில்:

நன்றி ஐயா. மூன்றும் தேக்குதான். முதலாவதை விற்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். பச்சை ஒயரைப் பிரிக்க ஆள் தேடுகிறேன், திருச்சிப் பக்கம் கைப்பின்னல் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். மூன்றாவதை அண்ணன் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். மணிவிழாப் படத்தில் அப்பா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.