கத்திரி வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு என்ன உடுத்துவது? என் அனுபவம்

திருச்சியில் மாசி முடியும்போதே வெயில் ஏறத் தொடங்கிவிடும். மே 4 வாக்கில் கத்திரி பிறந்து 28 வாக்கில் முடியும்வரை காலை பத்து மணிக்கே தெருவில் அனல் அடிக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களில் உடை பெரிய கவலை. கைக்குழந்தைக்கு என்ன போடலாம் என்று சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆள் உண்டு. நடக்கத் தொடங்கி ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற பிள்ளை என்றால், பெரியவர்கள் போடுவதையே சின்ன அளவில் வாங்கிப் போட்டுவிடுகிறோம். ஜீன்ஸ், லெக்கிங்ஸ், நெட் கவுன், காலர் வைத்த சட்டை. எல்லாம் கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. எனக்குப் பிடிபட்டது இதுதான்: வெயிலில் மெல்லிய துணியால் மூட வேண்டும், நிழலுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வெளியே போகும்போது கையில்லாத கவுன். வீட்டுக்கு வந்ததும் ஃபேன் காற்று படக்கூடாது என்று பனியன், அதற்கு மேல் சட்டை. எனக்கு இதைப் புரியவைத்தவர்கள் வெவ்வேறு இடங்களில் சந்தித்த சிலர். அவர்களைப் பற்றி எழுதினால் உங்களுக்கும் பயன்படும்.

முதலில், துறையூர் பஸ்ஸில் பார்த்த ஒரு பாட்டி. நண்பகல் நேரம். எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் தாய், மடியில் ஒன்றரை வயதுப் பையன். விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், எதற்கும் அடங்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி பையனின் சட்டைக்குள் பின்பக்கமாக இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "கையையும் காலையும் தொட்டுப் பாத்தா தெரியாது தாயி. பிடரியத் தொடு, கொதிக்குது பாரு" என்றார். சட்டையைக் கழற்றினார்கள். நெஞ்சில் பெரிய கார் படம் போட்ட டி-ஷர்ட் அது. படம் முழுக்க ரப்பர் மாதிரி தடித்த பிரின்ட். அந்தக் கார் பட்டிருந்த இடம் மட்டும், அதே வடிவத்தில், வேர்த்து ஊறிச் சிவந்திருந்தது. ஓரங்களில் தோல் காய்ந்துதான் இருந்தது. பருத்தி டி-ஷர்ட்தான், ஆனால் படம் இருந்த இடத்தில் காற்று போக வழியே இல்லை. பாட்டி தன் பையிலிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் துடைத்துவிட்டார். மண்ணச்சநல்லூர் வருவதற்குள் பையன் தூங்கிவிட்டான்.

இப்போதெல்லாம் பிள்ளைக்கு டி-ஷர்ட் எடுக்கும்போது படத்தின் மேல் வாயை வைத்து ஊதிப் பார்க்கிறேன். மறுபக்கம் வைத்த கைக்குக் காற்று வரவில்லை என்றால் அது கோடைக்கு ஆகாது.

பிடரி விஷயத்தை எங்கள் குழந்தை மருத்துவரும் சொன்னார். மகளுக்கு முதுகிலும் கழுத்து மடிப்பிலும் வேர்க்குரு வந்தபோது போயிருந்தோம். பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் வெளிச் சூடு சீக்கிரம் உடம்பில் ஏறும், வேர்த்துத் தணித்துக்கொள்ளும் திறனோ நம்மைவிடக் குறைவு என்று பொறுமையாக விளக்கினார். வியர்வை வெளியேறும் சின்னக் குழாய்கள் அடைத்துக்கொள்வதுதான் வேர்க்குரு. அதன்மேல் பவுடரை அப்பினால் வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் பசையாகத் தங்கும். தூள் மூச்சில் போவதும் பிள்ளைக்கு நல்லதில்லை. எண்ணெயும் கெட்டியான க்ரீமும் அடைப்பைக் கூட்டும். அவர் மருந்தை விடத் துணியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள், வீட்டில் முடிந்தவரை வெறும் உடம்பாக விடுங்கள் என்றார்.

அத்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைய வெறும் ஜட்டியோடயா விடுறது?" என்று கேட்டார். சரி என்று, அத்தையின் பழைய வாயில் புடவையிலேயே ஜபலா தைத்துக் கொடுத்தோம். கையில்லாமல், முதுகுப் பக்கம் திறந்து, முழங்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி. அதில் அவருக்கும் நிறைவு, பிள்ளைக்கும் காற்று. பல வருடம் துவைத்த நூல் புடவைக்கும் வேட்டிக்கும் உள்ள மென்மை புதுத் துணிக்கு வராது. ஒரு நாலு முழ வேட்டியில் இந்த வயதுப் பிள்ளைக்கு மூன்று நான்கு சட்டை தாராளமாக வரும். வீட்டில் மடித்து வைத்திருக்கும் தாத்தாவின் வேட்டிகளை வெளியே எடுங்கள்.

அதைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் முதலில் கொண்டுபோனது 'பியூர் காட்டன்' என்று கடையில் சொல்லிக் கொடுத்த பூப்போட்ட துணி. அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினார். நுனி உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. "பாத்தீங்களா, பாலியஸ்டர் கலந்திருக்கு. நூல்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாயிரணும்" என்றார். இன்னொரு சோதனையும் காட்டினார். துவைத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நூல் துணி உடனே உறிஞ்சும். கலப்புத் துணியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கும். கஞ்சி போட்ட புதுத் துணியில் இந்தச் சோதனை சரிப்படாது, அலசிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் கலப்புச் சட்டைக்குள் வியர்வை தோலிலேயே நிற்கிறது.

பிள்ளைகளுக்கு மல் என்கிற மிக மெல்லிய நூல் துணி, வாயில், மெல்லிய பாப்ளின் மூன்றும் அவர் சிபாரிசு. ஜாக்கெட்டுக்கு எடுக்கிற டூ பை டூ-வும் நன்றாக இருக்கும், ஆனால் அதிலும் இப்போது கலப்பு வருகிறது, கேட்டு வாங்க வேண்டும். மல் துணி சுருங்கும். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயப்போட்டுக் கொடுக்கச் சொன்னார். திருப்பூர் பனியன் துணி எடுப்பதானால் ஜி.எஸ்.எம். கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எடை அது. 120-லிருந்து 140 வரை கோடைக்கு இதம். 180-க்கு மேல் போனால் பிள்ளைக்குக் கனம்.

அவர் தையலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைச் சட்டைகளில் உள்ளே ஓவர்லாக் அடித்த விளிம்பு, முக்கியமாக அக்குளில், தோலை அறுக்கும். இவர் பிசிறு வெளியே தெரியாமல் உள்ளே மடித்து இரண்டாவது தையல் போட்டுவிடுவார். விரலால் தடவினால் ஒரு மெல்லிய வரிதான் படும். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைப்பார். பிள்ளை கையைத் தூக்கினாலும் பிடிக்காது, காற்றும் போகும். இடுப்பு எலாஸ்டிக் இரண்டு விரல் எளிதாக நுழைகிற தளர்ச்சியில். தோள்பட்டையில் பிரஸ் பட்டன், அதனால் வேர்த்த சட்டையைத் தலைவழியே இழுத்துக் கழற்ற வேண்டியதில்லை.

கழுத்தில் நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி கேட்டேன். "கைப்பிள்ளைக்குப் பின்னாடி முடிச்சு போடலாம்மா, ஓடுற பிள்ளைக்கு வேணாம். சறுக்கு மரத்துல மாட்டிக்கும்" என்று மறுத்துவிட்டார். பிறகு தெரிந்துகொண்டேன், இதே காரணத்துக்காக அமெரிக்காவில் 1996-லேயே பிள்ளைகளின் மேலுடையில் கழுத்து நாடா வேண்டாம் என்று அரசு அமைப்பு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

அடுத்தது சமயபுரம். சித்திரைத் தேர் சமயத்தில் மொட்டையடித்த பிள்ளைகளை வரிசையாகப் பார்க்கலாம். தலையில் சந்தனம், உடம்பில் புதுச் சட்டை. எங்கள் முன்னால் நின்ற குடும்பத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குக் கையில்லாத நெட் கவுன். முதுகும் தோளும் முழுக்க வெயிலில். மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிய புதிதில் குளிர்ச்சிதான், ஆனால் காய்ந்து உதிர்ந்த பிறகு இதுவரை வெயிலே படாத தோல் நேரடியாக எரிவெயிலில் நிற்கிறது. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்துவந்து, "தலைக்கு ஈரத்துண்டு போடுங்கம்மா, புள்ளைக்கு மயக்கம் வந்துரும்" என்று சொல்லித் தன் துண்டையே நனைத்துக் கொடுத்தார். அந்த அக்காவுக்கு அன்றைக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

வெயிலில் நிற்க வேண்டியிருந்தால் முழுக்கை வைத்த, தொளதொளவென்ற மல் சட்டைதான் கையில்லாத கவுனைவிடக் குளுமை. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓடும், தோலில் வெயில் படாது. ஆனால் நனைந்து ஒட்டிக்கொண்ட மெல்லிய வெள்ளைத் துணி வெயிலை நன்றாகவே உள்ளே விடும், அதனால் வெளியில் இருக்கும்போதும் காய்ந்த சட்டைக்கு மாற்றிவிடுங்கள். தொப்பி என்றால் சுற்றிலும் விளிம்பு உள்ள நூல் தொப்பி. கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும்தான் காக்கும், காதும் பிடரியும் வெயிலில்தான். கோயில் பிரகாரக் கல்லில் பிள்ளையை இறக்கிவிடும் முன் நம் உள்ளங்காலை வைத்துப் பாருங்கள்.

மொட்டை, காதுகுத்து, வைகாசிக் கல்யாணம் என்று பட்டுப்பாவாடை தவிர்க்க முடியாத நாட்கள் வரும். அங்கேதான் முதலில் சொன்ன அந்தப் பனியன் சரியான இடத்தில் வருகிறது. ஜரிகையின் பின்பக்கம் தோலில் உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய கையில்லாத பனியனும் பாவாடைக்கு நூல் லைனிங்கும் வேண்டும். சாட்டின் லைனிங் வேண்டாம். தாலி கட்டி போட்டோ எடுத்து முடிந்ததும் மண்டபத்திலேயே கழற்றிவிட்டு நூல் கவுன் போட்டுவிடுகிறேன். சொந்தக்காரர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை.

சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே வெயில் வேறு மாதிரி. திருச்சியில் வேர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனால் காயாது, ஈரமாகவே உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அவள் சட்டையின் எண்ணிக்கையைக் கூட்டி, விலையைக் குறைத்துவிட்டாள். சாதாரண மல் சட்டைகள் நிறைய. ஈரமானால் ஒன்றை அவிழ்த்து, துடைத்து, இன்னொன்று. சாயங்காலம் மட்டும் கணுக்கால் வரை மூடும் தொளதொள பைஜாமா, கொசுவுக்காக. டெங்கு கொசு பகலிலும் கடிக்கும் என்பதால் பூங்காவுக்குப் போகும்போதும் அதே பைஜாமாதான்.

டயபர் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்ப் பயணத்துக்கும் ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், குறை சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் கழற்றிவிட்டு நூல் ஜட்டி போடுங்கள். இடுப்பிலும் தொடையிலும் வரும் பாதித் தொல்லை குறையும். கோடையில் ஈரத் துணி சீக்கிரம் காய்வதால் பாத்ரூம் போகப் பழக்கவும் இதுவே வசதியான காலம்.

இதை எழுதும்போது நினைவுக்கு வருவது, பைக்கில் போகிறவர்கள். மதியம் பிள்ளையைத் தடித்த டர்க்கி டவலில் தலையோடு சுற்றி நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், எனக்குத் தெரியும். ஆனால் முன்னும் பின்னும் இரண்டு பேர் உடம்புச் சூடு, நடுவே காற்றில்லாத டவல். தயவுசெய்து அதற்குப் பதில் ஒரு மல் துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள், மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும், நுனி சக்கரத்தில் மாட்டாமல் உள்ளே சொருகிவிடுங்கள். முடிந்தால் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வண்டியை எடுக்காமல் இருங்கள்.

கடைசியாக, எனக்கே விடை தெரியாத ஒன்று. ஜூனில் மகளை ப்ளே ஸ்கூலில் சேர்க்கிறோம். சீருடை கலப்புத் துணி, காலர், இடுப்பில் தடித்த பெல்ட் வேறு. அதே நிறத்தில் நூல் துணி எடுத்து நாங்களே தைத்துக்கொள்கிறோம் என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். உங்களில் யாராவது பள்ளியில் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தால் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். டெய்லர் அண்ணனிடம் துணியைக் கொடுத்து வைத்தாயிற்று.