பிள்ளை பார்த்த சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) போகலாமா? (ஸ்காபரோ, கனடா)

மல்லிகைப்பந்தல் (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 57 வயது. ஸ்காபரோவில் மகளோடு இருக்கிறேன். பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்து நாலு வருடம் ஆகிறது.

போன வருடம் ஒக்டோபர் 6ஆம் திகதி தொடங்கி, மார்க்கம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தேன். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.15க்குப் போனால் பின்னேரம் 5.45க்குத்தான் வெளிக்கிடுவேன். ஒரு நாளைக்கு 120 டொலர் என்று வாயால் பேசியதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. நவம்பர் முடியும் வரை ஒவ்வொரு வெள்ளியும் காசாகக் கையில் தந்தார்கள். டிசம்பரில் வீட்டு மோர்ட்கேஜ் கூடிவிட்டது, பிறகு தருகிறோம் என்றார்கள். இடையில் ஒரு தடவை மட்டும் 600 டொலருக்குச் செக் தந்தார்கள். ஜனவரி 30 கடைசி நாள். அன்றைக்குத்தான், அடுத்த கிழமையிலிருந்து அம்மா ஊரிலிருந்து வருகிறார், நீங்கள் வரத் தேவையில்லை என்று சொன்னார்கள்.

நாற்பது நாள் காசு வர வேண்டும் என்று நினைக்கிறேன். 600ஐக் கழித்தால் 4,200. கேட்டால், சொந்தக்காரர் மாதிரிப் பழகினோம், இதைப்போய் வேலை என்று சொல்கிறீர்களே என்கிறார்கள். அந்தச் சொல்தான் நெஞ்சில் நிற்கிறது. சின்னவன் என் மடியில் இருந்துதான் முதல் தடவை சோறு தின்றான். நான் அவனை அன்பாகத்தான் பார்த்தேன். அதற்காகச் சம்பளம் இல்லை என்று ஆகிவிடுமா?

ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போடலாம் என்று மகள் சொல்கிறாள். ஒப்பந்தம் இல்லை, காசாக வாங்கியது, ஆங்கிலமும் அவ்வளவு வராது. யாராவது போட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பனிப்பூ

அக்கா, நான் போட்டேன். 2023இல், 2,750 டொலருக்கு. என் விஷயம் கொஞ்சம் வேறு. பிள்ளையை என் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். என் வீட்டில், என் வசதிக்கு, வேறு இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்தேன். அதனால் நான் அவர்களுடைய வேலையாள் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்பவர் என்று சொல்லி, கோர்ட்தான் வழி என்றார்கள்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். காசாகத் தந்தாலும் கடன் கடன்தான். அதை நினைத்துப் பயப்படாதீர்கள். 7ஏ என்ற படிவத்தில், யார், எப்போது, எவ்வளவு, ஏன் என்று எழுத வேண்டும். இணையத்திலேயே போடலாம். நான் போட்டபோது 108 டொலர் கட்டினேன். வருமானம் குறைவானவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். கோர்ட் முத்திரை போட்டுத் தந்ததும் அதை எதிராளியிடம் சேர்ப்பிக்கிறது நம் பொறுப்பு. என் தங்கையின் கணவர் கொண்டுபோனார். அந்த மனுசி வீட்டில் இல்லை, அவருடைய மாமியார் கதவைத் திறந்தார். மூடிய கவரில் பெயர் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியை அன்றைக்கே தபாலிலும் போட்டோம். அப்படிச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. அப்புறம் இப்படிச் சேர்ப்பித்தோம் என்று 8ஏ படிவத்தில் சத்தியம் செய்து போட வேண்டும்.

அவர்களுக்கு எதிர்வாதம் போட 20 நாள். போடாவிட்டால் நீங்கள் கேட்ட தொகைக்கே தீர்ப்பு எடுக்கலாம். என் ஆட்கள் பதினெட்டாம் நாள் போட்டார்கள். உறவுக்காரி உதவிக்குப் பார்த்தாள், சம்பளம் பேசவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை நான்.

விசாரணைக்கு முன்னால் செற்றில்மென்ட் கொன்பரன்ஸ் (சமரசக் கூட்டம்) என்று ஒன்று கட்டாயம் வைப்பார்கள். எனக்குச் சூமில் நடந்தது. நீதிபதி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தெந்த நாட்கள்? நான் தமிழ்க் கடையில் தரும் கலண்டரைக் காட்டினேன். ஒவ்வொரு நாளும் ராகு காலம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே பேனையால் "வந்தான் 7.40, போனான் 6" என்று எழுதியிருப்பேன். காய்ச்சல் வந்த நாளில் எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தேன் என்பதும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. 2,400க்கு உடன்பட்டோம், மூன்று தவணை, எழுத்தில். விசாரணை வரை போயிருந்தால் திகதி எடுக்கவே இன்னும் 300 டொலருக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். அதனால்தான் 350ஐ விட்டுக்கொடுத்தேன்.

மல்லிகைப்பந்தல்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மகள் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எனக்குக் கலண்டர் எழுதும் பழக்கம் இல்லையே. என்ன செய்வது?

கிங்ஸ்டன் வீதி

அம்மா, பஸ்ஸிலா போனீர்கள்? பிரஸ்டோ கார்ட் (பஸ் கட்டண அட்டை) உங்கள் பெயரில் பதிந்திருந்தால் இணையத்தில் பயண வரலாறு இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்குத் தட்டினீர்கள் என்று எல்லாம் வரும். மகளிடம் சொல்லி இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். "இன்றைக்குப் பிந்துவோம்", "பாணும் பாலும் முடிந்துவிட்டதா" என்பதெல்லாம் சாட்சிதான். அந்த 600 டொலர் செக்கைப் படம் எடுத்தீர்களா? வங்கியும் கிளையும் அதில் இருக்கும். தீர்ப்பு வந்த பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பறிக்க அது தேவைப்படும். கோர்ட் தீர்ப்புத் தரும், காசைத் தேடிப்போய் வாங்குகிறது நாம்தான். பலர் இது தெரியாமல் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சம்பளத்திலிருந்தும் எடுக்கலாம், ஆனால் பொதுவாக நிகரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

வைகறை

கொஞ்சம் பொறுங்கள். கோர்ட்டில் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நான் சட்ட உதவி நிலையம் ஒன்றில் தொண்டராக இருந்தவள். வக்கீல் இல்லை. ஆனால் இந்தத் தவறை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

அம்மா, நீங்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போய், அவர்கள் சொன்ன நேரத்துக்கு, கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்திருக்கிறீர்கள். ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டு வேலைவாய்ப்புத் தரங்கள் சட்டத்தில் உங்களுக்கு வீட்டுப் பணியாளர் என்று பெயர். எப்போதாவது ஒரு சனி இரவு பிள்ளை பார்க்க வருகிறவரைத்தான் அந்தப் பிரிவிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். உங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 ஒக்டோபர் 1இலிருந்து அது மணிக்கு 17.60 டொலர்.

நாளைக்குப் பத்தரை மணித்தியாலம். 17.60ஆல் பெருக்கினால் 184.80. அவர்கள் பேசியது 120. அதாவது மணிக்குப் பதினொன்றரைகூட இல்லை. நவம்பர் வரை ஒழுங்காகத் தந்தார்கள் என்று நீங்கள் நினைக்கிற காசும் குறைந்த காசுதான். கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, விடுமுறைச் சம்பளம் 4 வீதம், பொது விடுமுறைக் காசு, இவை தனி.

தொழில் அமைச்சில் முறைப்பாடு போட ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அதிகாரி ஒருவர் இரண்டு பக்கத்தையும் விசாரித்து, கட்டச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனால் கவனம்: முறைப்பாடு போட்டால் அதே சம்பளத்துக்கு வழக்குப் போட முடியாது. மனம் மாறினால் இரண்டு வாரத்துக்குள் வாபஸ் வாங்க வேண்டும். முதலில் வழக்குப் போட்டால் அமைச்சின் கதவு மூடிவிடும். அதனால் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். கோர்ட்டுக்கு இப்போது 50,000 டொலர் வரை வரம்பு இருக்கிறது, அதனால் தொகை ஒரு பிரச்சினை இல்லை. எது உங்களுக்கு உகந்தது என்பதுதான் கேள்வி. இரண்டுக்குமே காலம் இரண்டு வருடம், அவசரப்படத் தேவையில்லை. ப்ரோ போனோ ஒன்ராறியோவின் இலவசத் தொலைபேசிச் சேவையில் ஒரு வக்கீலோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

184 என்று வாசித்ததும் மகள் கால்குலேட்டரை எடுத்துவந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். எனக்குக் கை நடுங்கியது.

பிரஸ்டோவில் எல்லாம் இருக்கிறது! 6.20, 6.22, 6.19 என்று வரிசையாக. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் எண்ணினோம். நாற்பது இல்லை, நாற்பத்தொரு நாள். டிசம்பர் 24ஐ நான் மறந்தே போயிருக்கிறேன். அன்றைக்கு முழு நாள் நின்று பெரியவளுக்குத் தலை பின்னிவிட்டு வந்தேன். ஒக்டோபரும் நவம்பரும் சேர்த்து முப்பத்தொன்பது நாள். ஆக எண்பது.

இன்னொன்று. ஜனவரி நடுவில் அந்தப் பிள்ளையின் தாய் என்னுடைய சின் நம்பரை (சமூகக் காப்புறுதி இலக்கம்) கேட்டு அனுப்பியது: "அன்ரி, உங்கட சின் நம்பரை அனுப்புங்கோ. 2025 டாக்ஸுக்கு ரிசீட் வேணும், டிசம்பரையும் சேர்த்து எழுதுங்கோ." நான் அனுப்பவில்லை. இது உதவுமா?

வைகறை

அம்மா, அந்த மெசேஜைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளை பராமரிப்புச் செலவை வரியில் கழிக்க, தனி ஆள் தரும் ரிசீட்டில் சின் நம்பர் இருக்க வேண்டும். அதைக் கேட்டிருக்கிறார் என்றால், உங்களுக்குச் சம்பளம் தர வேண்டியது என்று அவரே எழுதித் தந்த மாதிரி. சொந்தக்காரர் உதவிக்கு யாரும் ரிசீட் கேட்பதில்லை. ஆனால் கைக்கு வராத காசுக்கு ரிசீட் எழுதிக் கொடுக்காதீர்கள். வந்த காசை நீங்களும் உங்கள் வரியில் காட்டிவிடுங்கள், அதை வைத்து யாரும் உங்களை மிரட்டக்கூடாது.

கணக்கு இதோ. எண்பது நாள், 840 மணித்தியாலம், 14,784 டொலர். வந்தது 39 நாள் காசு 4,680, செக் 600, ஆக 5,280. மீதி 9,504. மேலதிக நேரமும் விடுமுறைக் காசும் இதற்கு மேலே. பேசிய கணக்கில் கேட்டால் 4,320தான். அந்த 4,320ஐ மட்டும் எழுதி வழக்குப் போட்டிருந்தால் மிச்சம் போன காசு.

முதலில் ஒரு கடிதம். தொகை, நாட்கள், 14 நாள் தவணை. கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மல்லிகைப்பந்தல் (மூன்று கிழமைக்குப் பிறகு)

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று இரவே பிள்ளைகளின் தாய் போன் எடுத்தார். முதலில் அழுதார். பிறகு 4,320ஐத் தருகிறோம், இத்தோடு எல்லாம் முடிந்தது என்று கையெழுத்து வையுங்கள் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மகளோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நேற்று 2,000 டொலர் இ-ட்ரான்ஸ்பரில் வந்திருக்கிறது. எடுக்கலாமா?

வைகறை

எடுங்கள். அது உங்கள் காசு. "கிடைத்தது, மீதி இவ்வளவு" என்று பதில் எழுதிவிடுங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். சட்டம் தருகிற குறைந்தபட்சத்தை இருவரும் பேசி விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. ஆனாலும் அந்தக் காகிதம் கையில் இருந்தால் பிறகு வீண் இழுபறி.

மல்லிகைப்பந்தல்

எடுத்துவிட்டேன். அமைச்சுப் படிவத்தை மகள் கடைசிப் பக்கம் வரை நிரப்பி வைத்திருக்கிறாள். இன்றைக்கு என் மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ப்ரோ போனோ வக்கீலோடு கதைத்தேன். என்னுடைய விஷயத்துக்கு அமைச்சுதான் சரி என்றார் வக்கீல். நாளைக்கு அனுப்புகிறோம்.

ஒரு சின்னச் சந்தேகம். அவர்களுடைய வீட்டுத் திறப்பு (சாவி) இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சின்னவன் கடித்துக் கடித்துப் பிளாஸ்டிக் தேய்ந்த அந்த யானை வளையத்தோடு. நேரில் போய்க் கொடுக்க மனம் வரவில்லை.

கிங்ஸ்டன் வீதி

நேரில் போக வேண்டாம் அம்மா. படம் எடுத்துவிட்டு, இரண்டு வரி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதை மற்றக் காகிதங்களோடு வையுங்கள்.