மறு: ட்ரான்சியன்ட்டுக்குத் தமிழ்ல என்ன? 'தெறிப்பு' வேணாம், 'சுண்டு' வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

ட்ரான்சியன்ட்னா ட்ரம் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிக்கறப்ப 'டக்'குனு வர்ற முதல் துண்டு. அதுக்குப் போன வாரம் 'தெறிப்பு'ன்னு வைக்கலாம்னு எழுதிப் போட்டது நான்தான், இப்ப நானே அதை வாபஸ் வாங்கிக்கிறேன். யாழ்ப்பாணத்து அக்கா எழுதின ரெண்டு வரிதான் காரணம்:

> எங்கட பாடப்புத்தகங்களில தெறிப்பு எண்டா வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பிறது. சத்தம் சுவரில பட்டுத் திரும்பிறதும் தெறிப்புத்தான்.

அக்கா சொல்றது சரி. நாங்க அதை எதிரொளிப்புன்னு படிச்சதால எனக்கு அது தோணவே இல்ல. வேற துறை வார்த்தையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன், ஆனா ரிவெர்ப்ல, அதாவது அறைக்குள்ள எதிரொலிக்கற மாதிரி சேர்க்கற எஃபெக்ட்ல, சுவர்ல பட்டுத் திரும்பற சத்தமும் ட்ரம்மோட முதல் அடியும் ஒரே ட்ராக்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. 'ஸ்னேர்ல ('சடக்'குனு கேக்கற சின்ன ட்ரம்) தெறிப்பைக் கூட்டு'ன்னு எழுதினா அங்க ஒருத்தர் ரிவெர்பைக் கூட்டுவாங்க, இங்க ஒருத்தர் அடியைக் கூட்டுவாங்க, ஒண்ணு ஸ்னேரைப் பின்னாடி தள்ளும் இன்னொண்ணு முன்னாடி இழுக்கும். அப்படி ஒரு வார்த்தை நமக்கு வேணாம்.

டெல்லி ஐயா ட்ரான்சியன்ட்டுக்குச் சொன்ன 'நிலையிலா ஒலி' பத்தியும் யோசிச்சேன். சர்க்யூட்ல சுவிட்ச் போட்டதும் கரன்ட் கொஞ்ச நேரம் துள்ளிட்டு அப்புறம் நிலைக்கு வரும், அதுக்கு அந்த வார்த்தை பொருந்துது, அதுல சண்டை இல்ல ஐயா. ஆனா கிக்ல, அதாவது 'தும்'னு அடிக்கற பெரிய ட்ரம்ல, அந்த முதல் சில மில்லிசெகண்ட் மறைஞ்சு போகுதுங்கறது விஷயமில்ல, அது வந்து அடிக்குதுங்கறதுதான் விஷயம். ஒரு பொருளோட வேலையைச் சொல்லாம அது போயிடும்கறதை மட்டும் சொல்ற பேரை வச்சா கத்துக்கற பசங்களுக்கு அது கைகொடுக்காது.

இதை நான் சும்மா சொல்லல. தாராவியில 90 அடி ரோடு பக்கம் ஒரு மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பசங்களுக்கு ம்யூசிக் ப்ரொடக்‌ஷன் சொல்லித் தரேன், எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பசங்க, வீட்ல தமிழ் வெளியில ஹிந்தி. அதுல ஒரு தம்பி 128 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 128 தாள அடி) ஒரு ட்ராக் கொண்டு வந்தான், "அண்ணே கிக் பொதக்கு பொதக்குன்னு இருக்கு, அடி விழல"ன்னான். திறந்து பாத்தா மூணு கிக் சாம்பிளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, வால்யூம் முழுக்க ஏத்தி, மேல ஒரு கம்ப்ரஸர் (எல்லை தாண்டற சத்தத்தை அமுக்கறது) போட்டு அதுல அட்டாக்கை ரொம்பக் கம்மியான நேரத்துல வச்சிருந்தான். ஏன்டா இப்படின்னு கேட்டா, "அட்டாக் வேகமா இருந்தா அடியும் நல்லா விழும்ல?" அந்தப் பையன் மேல தப்பே இல்லைங்க, அந்த வார்த்தை அவனை அப்படி நினைக்க வச்சுது.

ஏன்னா அட்டாக்னு இங்கிலீஷ்ல மூணு வேற வேற விஷயத்தைச் சொல்றாங்க. சிந்தசைஸர்ல அட்டாக்னா சத்தம் பூஜ்யத்துலேர்ந்து உச்சிக்கு எழ எடுக்கற நேரம். கம்ப்ரஸர்ல அட்டாக்னா சத்தம் எல்லை தாண்டினப்புறம் அது பிடிச்சு அமுக்க எடுத்துக்கற நேரம், அதைக் குறைச்சா முதல் அடியே அமுங்கிடும். 1983ல ரோலண்ட் கம்பெனி விட்ட டிஆர்-909 ட்ரம் மெஷின்ல கிக்குக்கு அட்டாக்னு தனியா ஒரு குமிழ் இருக்கு, அது நேரமே இல்ல, முதல்ல வர்ற அந்த 'டக்' எவ்வளவு சத்தமா வரணும்கறது. அதுக்கு முன்னாடி 1980ல வந்த அதே கம்பெனியோட 808ல கிக்குக்கு லெவல், டோன், டிகே (சத்தம் தேயற நேரம்) மட்டும்தான். 808 கிக் நீளமா 'தூம்'னு போறதும் 909 கிக் நெஞ்சுல குத்தறதும் ஏன்னு புரியணும்னா அந்த ஒரு குமிழைப் பாத்தாலே பாதி புரிஞ்சிடும்.

ஆக தமிழ்ல மூணுக்கும் மூணு பேர் வைக்கலாம்னு நான் சொல்றேன். சிந்தசைஸருக்கு எழுநேரம். கம்ப்ரஸருக்குப் பிடிநேரம், அது அமுக்கினதைத் திரும்ப விட்டுடற ரிலீஸுக்கு விடுநேரம். அந்த முதல் 'டக்'குக்கு, அதாவது ட்ரான்சியன்ட்டுக்கு, சுண்டு.

சுண்டு ஏன்னா, கேரம்ல ஸ்ட்ரைக்கரை எப்படி விரலால சுண்டறோம்? கை படறது கண் இமைக்கற நேரம்தான், அப்புறம் காய் தானா ஓடுது. ட்ரம்மும் அதேதான், குச்சி தோல்ல படற கணம் சுண்டு, அதுக்கப்புறம் தோலும் சட்டமும் தானா அதிர்றது கார்வை. கார்வைங்கற வார்த்தை பாட்டுக்காரங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, சஸ்டெய்னுக்கு அதை அப்படியே எடுத்துக்கலாம். தவில்ல வலந்தலை வாசிக்கற விரல்கள்ல கூடு மாட்டிக்கறாங்களே, அந்தக் கடினம் வெறும் விரல்ல வராத சுண்டைக் கொடுக்குது. பறையை வாசிக்கறதுக்கு முன்னாடி தீயில காட்டித் தோலை இறுக்கறதும் அதுக்குத்தான். மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் (இடப்பக்கம்) ரவையைப் பிசைஞ்சு வைக்கறது அதுக்கு நேர் எதிர், அது 'தொம்'முக்கு, கார்வைக்கு. நம்ம ஆளுங்க இதை எல்லாம் கையால செஞ்சுட்டே வந்திருக்காங்க, பேர் மட்டும்தான் எழுத்துல ஏறல.

மும்பையில இருக்கறவங்க கணபதி ஊர்வலத்துல கேட்டிருப்பீங்க, மெல்லிசு குச்சியால அடிக்கற தாஷா சுண்டு, பெரிய டோல் கார்வை. தாஷாவை எடுத்துட்டா ரெண்டு தெரு தள்ளி டோல் வெறும் முனகலாத்தான் கேக்கும்.

இப்ப அந்தத் தம்பி ட்ராக்குக்கு வரேன். பிடிநேரத்தை 30 மில்லிசெகண்டுக்கு ஏத்தினோம், சுண்டு தப்பிச்சு வெளிய வந்துடுச்சு, அதுக்குப் பின்னாடி உள்ள உடம்பை மட்டும் கம்ப்ரஸர் அமுக்குது. 128 பிபிஎம்ல கிக்குக்குக் கிக் சுமார் 469 மில்லிசெகண்ட், அதுக்குள்ள கம்ப்ரஸர் கையை எடுத்துடற மாதிரி விடுநேரம் வச்சோம், இல்லன்னா அடுத்த சுண்டு ஏற்கனவே அமுங்கின நிலையிலதான் வரும். அப்புறம் அந்த மூணு அடுக்கு. ரெண்டாவது சாம்பிள் 10 மில்லிசெகண்ட் பின்தங்கி இருந்துது, 50 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை 20 மில்லிசெகண்ட், பாதி அலை தள்ளி விழுந்தா ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், அடிவயித்து சத்தம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். சாம்பிளைக் கூட்டக் கூட்ட கிக் மெலிஞ்சது அதனாலதான். மூணாவதை நீக்கிட்டோம், ஒரு கிக்லேர்ந்து சுண்டு, இன்னொண்ணுலேர்ந்து கார்வை, சுண்டு எடுத்ததுல 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டியாச்சு. வால்யூமைக் குறைச்சப்புறமும் அடி முன்னைவிடப் பலமா விழுந்துது. நான் வேணும்னே அன்னிக்கு ட்ரான்சியன்ட், அட்டாக் ரெண்டு வார்த்தையும் சொல்லவே இல்ல, சுண்டு பிடிநேரம் விடுநேரம்னு மட்டும்தான் சொன்னேன், கிளம்பறப்ப அவனே "ஸ்னேர்ல சுண்டு ஜாஸ்தி, காதைக் கிழிக்குது அண்ணே"ன்னான். எனக்கு அது போதும்.

எதிர்ப்பு வரும்னு தெரியும். பால் சுண்டறதும் சுண்டுதான், சுண்டுவிரலும் இருக்கு. ஆனா மிக்ஸிங் பத்திப் பேசற இடத்துல பாலும் விரலும் குறுக்க வராது, ரிவெர்ப் வரும், அதனாலதான் தெறிப்பு போச்சு சுண்டு நிக்குதுன்னு சொல்றேன்.

சைட்செயினுக்கு 'ஒதுங்கல்'னு மனசுல இருக்கு, கிக் வர்றப்ப பேஸ் ஒதுங்கி வழி விடுதுங்கறதால, ஆனா அதுக்குத் தனி மடல் போடறேன், இதுல கலக்க வேணாம்.

அக்கா, உங்க ஊர்ல அரிசி அளக்கறதும் சுண்டுதான்னு கேள்விப்பட்டிருக்கேன். "கிக்கில சுண்டு காணாது" எண்டு எழுதினா அங்க இருக்கற பிள்ளைகளுக்கு உறுத்துமா இல்ல சரியா வருமா? நீங்க சொன்னப்புறம்தான் நம்ம வார்த்தைப் பட்டியல்ல ஏத்தணும்னு நினைக்கிறேன்.