ஹேவ்லாக்கில் நைட் டைவ்: கடல் மின்னுவதைப் பார்க்க எந்தத் தேதி, என்ன தயாரிப்பு?

கயல்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். வரும் 2026 பிப்ரவரியில் நானும் கணவரும் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், ஆறு நாள் தங்குவதாகத் திட்டம். இருவரும் ஸ்கூபா டைவிங்கில் அட்வான்ஸ்டு பயிற்சி முடித்திருக்கிறோம், ஆனால் இரவில் இறங்கியதில்லை. ஒளிரும் உயிரிகளைத் தண்ணீருக்குள் இருந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கிய நோக்கம்.

அமாவாசையில் போனால்தான் தெரியும் என்கிறார்கள். பிப்ரவரி 17 அமாவாசை. அதையொட்டி டிக்கெட் போட்டுவிடலாமா? டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே இருப்பது எப்படி, எவ்வளவு நேரம்? என்னென்ன வாங்க வேண்டும்? பவளப்பாறை முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கிற படங்கள் பார்த்தோம், அது அங்கே கிடைக்குமா?

முத்துக்குளி

டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவை இருட்டு. அமாவாசை அதற்கு ஒரு வழிதான், சிறந்த வழி அல்ல.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் அதிகம், அதனால் நீரோட்டமும் அதிகம். முதல் நைட் டைவை, அதுவும் விளக்கை அணைத்து ஒரே இடத்தில் இருக்கப்போகிற டைவை, நீரோட்டம் வலுவாக இருக்கும் நாளில் வைத்துக்கொள்வது வீண் வேலை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி ஆடுவதில்தான் நேரம் போகும்.

இப்போது தேய்பிறையைக் கவனியுங்கள். பௌர்ணமிக்குப் பிறகு நிலவு உதிப்பது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். பிப்ரவரி 1 பௌர்ணமி. 4ஆம் தேதியே சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் வரை நிலவு இருக்காது. 9ஆம் தேதி, அஷ்டமியை ஒட்டி, நிலவு வர நள்ளிரவு நெருங்கிவிடும். அந்த அரைநிலவு நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளிலும் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, நீரோட்டமும் அடங்கியிருக்கும். ஆக முன்னிரவு முழுக்க இருட்டு, தண்ணீரும் அமைதி. 8 முதல் 12 வரை ஹேவ்லாக்கில் இருக்கும்படி பாருங்கள். ஊரில் அஷ்டமி, நவமி என்று ஒதுக்குகிற நாட்கள்தான் இதற்கு நல்ல நாட்கள்!

வளர்பிறை அஷ்டமியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்றும் நீரோட்டம் குறைவுதான், ஆனால் பொழுது சாயும்போதே நிலவு உச்சியில் நிற்கும். 24ஆம் தேதி அப்படிப்பட்ட நாள், தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். பிப்ரவரியில் மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பல இடங்களில் நைட் டைவ் என்று சொல்லி ஐந்தரைக்கே இறக்கிவிடுவார்கள். நண்டு, இறால் பார்க்க அது போதும், உங்கள் நோக்கத்துக்குப் போதாது. மேற்கே வெளிச்சம் முழுக்க அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆறரைக்கு இறங்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதோடு, "கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் விளக்கை அணைப்போம்" என்று குழு முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேமராவும் வீடியோ விளக்குமாக ஒரே ஒருவர் சேர்ந்தாலும் எல்லாம் போச்சு. முடிந்தால் உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு டைவ் லீடர் கேளுங்கள், கூடுதல் கட்டணம் கேட்டாலும் சரி.

இடத்தைப் பொறுத்தவரை, ஹேவ்லாக்கில் இரவுக்கு வழக்கமாக லைட்ஹவுஸ் என்கிற டைவ் இடத்துக்கு அழைத்துப் போவார்கள். நீமோ ரீஃப் கரையிலிருந்தே இறங்கக்கூடிய ஆழம் குறைந்த இடம். எதுவானாலும் அதே இடத்தில் ஒரு பகல் டைவ் முதலில் செய்துவிடுங்கள். கயிறு எங்கே, மணல் திட்டு எங்கே, பாறை எந்தப் பக்கம் சரிகிறது என்பது மனதில் இருந்தால் இரவில் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

கொண்டல்

முத்துக்குளி தேதியைச் சொல்லிவிட்டார். நான் டைவைச் சொல்கிறேன்.

அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், மொத்த நேரம் 40 முதல் 45 நிமிடம். முதல் 25 நிமிடம் விளக்கோடு சுற்றுங்கள். பிறகு மூரிங் கயிற்றடிக்கு, அதாவது படகைக் கட்டியிருக்கும் கயிற்றின் அடிக்கு, திரும்பிவிட வேண்டும். அப்போது டேங்கில் 100 பாருக்குக் (பார் என்பது அழுத்த அளவு) குறையாமல் காற்று இருக்க வேண்டும். கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் செலவழிப்பார். 11 லிட்டர் டேங்கில் அது நிமிடத்துக்கு மூன்றரை பாருக்கு மேல். பத்து நிமிட இருட்டுக்கு 36 பார், மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 8 பார், ஏறும்போது கொஞ்சம். மேலே வரும்போது 50 பார் மிஞ்சும். முதல் இரவில் எல்லோருமே வழக்கத்தைவிட வேகமாக மூச்சு வாங்குவார்கள், ஆகவே 110 பாரிலேயே திரும்பினால் நிம்மதி.

இருட்டு நேரத்துக்கு உட்காருகிற இடம் வெறும் மணலாக இருக்க வேண்டும். மண்டியிடும் முன் டார்ச்சால் நன்றாகப் பாருங்கள். நீள முள் கடல் முள்ளெலிகள் இரவில்தான் பாறை இடுக்கிலிருந்து வெளியே வரும், கல்மீன் மணலோடு மணலாகக் கிடக்கும். பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றை இறக்கி, கொஞ்சம் கனமாகவே உட்காருங்கள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளும் தூரம்தான், அதற்கு மேல் வேண்டாம். மற்றொரு கை கயிற்றில்.

டார்ச்சை அணைக்க வேண்டியதில்லை, கண்ணாடியை நெஞ்சோடு அழுத்தி மறைத்தாலே போதும். சுவிட்ச் சிக்கிக்கொண்டால், பேட்டரி இறங்கிவிட்டால் என்கிற கவலையே இல்லை, கையை எடுத்தால் வெளிச்சம். லீடர் கட்டாயம் இப்படித்தான் செய்ய வேண்டும்.

இருட்டில் கைசைகை தெரியாது, அதனால் தொடுசைகையைப் படகிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையை ஒரு முறை அழுத்தினால் "நலமா?", பதிலுக்கு ஒரு முறை அழுத்தினால் "நலம்". தொடர்ந்து அழுத்தினால் "விளக்கு, உடனே". வெளிச்சம் இருக்கும்போது டார்ச்சால் தரையில் மெதுவாக வட்டம் போட்டால் ஓகே, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் கவனியுங்கள். யார் முகத்திலும் அடிக்காதீர்கள், ஒரு தடவை அடித்தால் அவர் கண் மறுபடி பழகப் பல நிமிடம் ஆகும்.

மறைத்த முதல் நிமிடம் ஒன்றுமே தெரியாது. "அவ்வளவுதானா" என்று தோன்றும், பொறுங்கள். கண் முழுமையாக இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும், அவ்வளவு கிடைக்காது. ஆனால் மூன்று நான்கு நிமிடத்திலேயே நல்ல மாற்றம் தெரியும். பிறகு விரல்களை விரித்துக் கையை மெதுவாக வீசுங்கள். நீலப் பொறிகள் பறக்கும். உங்கள் குமிழிகளும் மின்னிக்கொண்டே மேலே போகும். இவை பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் மிதவை உயிரிகள். தண்ணீர் உரசும்போது பத்தில் ஒரு நொடி அளவுக்கு மின்னி அணையும். ஒரே இடத்தில் விடாமல் கலக்கினால் அவற்றின் சரக்கு தீர்ந்து மங்கிவிடும். நிறுத்தி, வேறு பக்கம் வீசுங்கள்.

ஜெல்லி மீன் போலிருக்கும் சீப்பு ஜெல்லி கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், கிழிந்துவிடும். கொஞ்சம் தள்ளித் தண்ணீரை விசிறினால் போதும், உடம்பு வழியே ஒளி ஓடும். நட்சத்திர மீன் போலிருக்கும் பிரிட்டில் ஸ்டாரில் சில வகைகளும் சீண்டினால் பச்சையாக மின்னும். அதற்காகப் பாறையைப் புரட்டுகிற லீடராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முத்துக்குளி

கொண்டல் சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. மணலில் உட்காருவதைவிட 5 மீட்டர் நிறுத்தத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே எனக்கு உசத்தி. சுற்றிலும் எல்லாப் பக்கமும் தண்ணீர், காலை ஆட்டினால் ஃபின் பின்னால் தீப்பொறி வால் மாதிரி நீளும். காற்றும் குறைவாகச் செலவாகும், கீழே முள் பயமும் இல்லை.

கொண்டல்

நீரோட்டம் இல்லாத இரவில், பழகினவர்களுக்குச் சரி. முதல் தடவை வருபவர்களுக்கு நடுநீரில் இருட்டு ஆபத்து. மேலும் கீழும் தெரியாமல் தலை சுற்றும், கயிறு நழுவினால் தான் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. கடல் கொஞ்சம் ஆடினாலும் படகு கயிற்றை இழுத்து உங்களையும் ஒரு மீட்டர் தூக்கும். இவர்கள் முதலில் மணலில் பார்க்கட்டும், மேலே வரும்போது கயிற்றில் இரண்டு நிமிடம் மறைத்துப் பார்க்கட்டும். அந்த நேரம் லீடர் விளக்கோடு அரை மீட்டர் கீழே இருக்க வேண்டும்.

சிப்பி

பொருட்கள் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆளுக்கு இரண்டு டார்ச். முதன்மை 800 முதல் 1000 லூமன், குறைந்த வெளிச்ச நிலையும் இருக்க வேண்டும். மாற்று டார்ச் பிசிடி பையில், சிறியது போதும். 3000 லூமன் வீடியோ விளக்கு இதற்கு எதிரி. டேங்க் வால்வில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, விட்டுவிட்டு மின்னாத வகை. அது பிரகாசமாக இருந்தால் இன்சுலேஷன் டேப்பால் பாதியை ஒட்டிவிடுங்கள், ஆனால் கழற்றாதீர்கள். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் தானாக எரியும் பின்னொளியைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள். கையைத் தூக்கும்போதெல்லாம் எரிந்து உயிரை எடுக்கும்.

டார்ச்சுக்குள் தண்ணீர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒட்டிய ஒரு தலைமுடி, ஒரு மணல், காய்ந்த உப்பு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓ-ரிங்கை விரலால் வழித்துப் பாருங்கள், மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். இறுக்கி முடுக்கினால் தண்ணீர் நுழையாது என்பது தப்பு, ரப்பர் நசுங்கிப் பிதுங்கிவிடும். இன்னொன்று, பேட்டரியை மாற்றி மூடுவது ஏசி அறையில், காய்ந்த கையோடு இருக்கட்டும். படகில் ஈரக்காற்றில் மூடினால் உள்ளே மாட்டிய ஈரம் தண்ணீருக்குள் குளிர்ந்து கண்ணாடியில் பனி படர்த்தும். லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான்.

உடைக்கு 3 மில்லிமீட்டர் முழுக்கை, முழுக்கால். தண்ணீர் 27, 28 டிகிரிதான், ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் குளிரும். படகில் திரும்பக் காற்றைத் தடுக்கும் ஒரு சட்டையும் வேண்டும்.

மேலே வந்ததும் டார்ச்சைத் தண்ணீர் மட்டத்தில் கிடைமட்டமாக அடிக்காதீர்கள். முரல் மீன் வெளிச்சத்தைப் பார்த்துப் பாயும், ஊசி மூக்கு, குத்தினால் ஆழமாக இறங்கும். படகை நோக்கி மட்டும் மேலே காட்டுங்கள்.

நீங்கள் கேட்ட ஜொலிக்கும் பவளம் வேறு விஷயம். பவளம் தானாக ஒளி விடுவதில்லை. 450 நானோமீட்டர் அளவிலான நீல விளக்கை அடித்து, மாஸ்க் மேல் மஞ்சள் வடிகட்டி மாட்டினால்தான் அந்தப் பச்சையும் ஆரஞ்சும் தெரியும். கருவி கிடைத்தால் அதைத் தனி டைவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே இரவில் செய்தால் இரண்டும் அரைகுறையாகும்.

கயல்_மதுரை

மிக்க நன்றி. தேதியை 7 முதல் 13க்கு மாற்றிவிட்டோம். இரண்டு சந்தேகம். கணவருக்கு இருட்டில் பதற்றம் வந்தால்? அப்புறம், 2019 ஆகஸ்டில் சென்னை ஈசிஆர் கடற்கரையில் அலையே நீலமாக மின்னியதே, அந்த அளவு தெரியுமா?

கொண்டல்

பதற்றத்துக்கு ஒத்திகை உண்டு. முந்தைய பகல் டைவில் மணலில் மண்டியிட்டு, கயிற்றைப் பிடித்து, இரண்டு நிமிடம் கண்ணை மூடி மூச்சை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அதில் சிரமப்பட்டால் இரவில் விளக்கை முழுக்க மறைக்காமல் விரலிடுக்கில் கொஞ்சம் கசிய விடட்டும், பொறிகள் அப்போதும் ஓரளவு தெரியும். அன்று மாலை வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம்தான். படகில் ஏறிய பிறகு சொன்னாலும் தப்பில்லை என்பதை முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம்தான் தேட வேண்டும். தன் விளக்கை மறைத்து ஒரு சுற்றுச் சுற்றி அடுத்தவர் வெளிச்சம் தெரிகிறதா பார்ப்பது, இல்லையென்றால் மெதுவாக மேலே வருவது.

முத்துக்குளி

சென்னையில் நடந்தது பெருக்கம். நாக்டிலூகா என்கிற டைனோஃபிளாஜெல்லேட் லட்சக்கணக்கில் மேற்பரப்பில் திரண்டு, அலை உடையும்போது மின்னியது. டைவில் அப்படி எதிர்பார்க்காதீர்கள், பொறி பொறியாகத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதன் பச்சை வகை, நம் மீனவர்கள் பூங்கோரை என்பது, பெருகி ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. நிறைய இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு அடையாளம்: பகலில் "இன்று தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியவில்லை" என்று எல்லோரும் குறைப்பட்டால், அது மணல் கலங்கலாக இல்லாமல் மிதவைக் கலங்கலாக இருந்தால், அந்த இரவை விடாதீர்கள்.

சிப்பி

டைவ் கைகூடாவிட்டால் இரவுக் கயாக் இருக்கிறது, துடுப்பு போடும்போதே மின்னும். ஆனால் அலையாத்திக் காட்டு ஓடைப் பக்கம் என்றால் முதலை எச்சரிக்கை என்ன என்று கேட்டுவிட்டே ஏறுங்கள், அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. ஹேவ்லாக்கிலேயே 2010இல் ஒருவரைக் கொன்றிருக்கிறது. துடுப்புப் போடும்போது கையைத் தண்ணீரில் தொங்கவிட்டு விளையாட வேண்டாம்.

13ஆம் தேதி விமானம் என்றால் கடைசி டைவ் 11ஆம் தேதி இரவோடு முடியட்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்களுக்கு விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். 12ஆம் தேதி இரவு ஏழேகாலுக்கு மேலே வந்தால் மறுநாள் மதியம் ஒன்றேகால் வரை பறக்கக் கூடாது, காலை விமானம் என்றால் கணக்கு உதைக்கும். 12ஐப் படகுப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.