ஏழாம் அத்தியாயத்திலேயே அவனைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்

தனிமையில் வாழும் ஒரு பெண், அவள் வீட்டுக்குள் மெல்ல நுழையும் ஓர் அந்நியன். எட்டு மாதமாக எழுதிவரும் உளவியல் திரில்லர். 24 அத்தியாயம், சுமார் 48,000 சொல். படித்துப் பார்த்த நான்கு பேரும் 7ஆம் அத்தியாயத்திலேயே அவன் ஆபத்தானவன் என்று சொல்லிவிட்டார்கள். அதைவிட மோசம், அவள்மேல் எரிச்சல்: “தெரிந்தும் ஏன் கதவைத் திறக்கிறாள்?”

அவன் பார்வையில் வந்த பகுதிகளை வெட்டினேன். மர்மம் கூடியது, பயம் போய்விட்டது. அப்புறம், மேசைக்கடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால் சாதாரணப் பேச்சும் பதறவைக்கும் என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதை நம்பி, தொடக்கத்திலேயே அவனைக் காட்டிக்கொடுத்தேன். பதற்றம் வந்தது, ஆனால் அவள் முட்டாளாகத் தெரிகிறாள். அவளையே ‘நான்’ என்று பேசவைத்தும் பார்த்தேன். தன் சந்தேகத்தை வாசகரிடமே மறைக்கிறாள், சரியான ஏமாற்று வேலை.

ஒரே ஒரு இடம் எல்லாருக்கும் பிடித்தது. காய்ச்சலில் கிடப்பவளுக்கு மருந்து வாங்கிவந்தவன், வீட்டுச் சாவியைத் திருப்பித் தராமல் போகிறான். அவள் கேட்கவில்லை. பேச ஒரு ஆள் கிடைத்ததே, அதை இழக்க மனமில்லை.

முதல் ஏழு அத்தியாயங்களில் எதை மாற்றினால், அவள் அவனை விலக்காததை வாசகர் நம்புவார்?