அதிவேக ரயில்: தனிப்பாதையா, பழைய பாதையா?

இருப்புப்பாதை:
நாடு முழுவதும் அதிவேக ரயிலைப் பழைய பாதையைச் செப்பனிட்டே ஓட்டிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டியும் விரைவு வண்டியும் ஒரே தடத்தில் ஓடினால், ஒன்று மற்றொன்றுக்காக ஒதுங்கி நிற்க வேண்டும். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கி.மீ. தனிப்பாதையை ஜப்பான் 1964இல் திறந்ததற்குக் காரணமே, பழைய பாதையில் இனி இடமில்லை என்ற நிலைதான்.

மேட்டுநிலம்:
நண்பரே, மணிக்கு 350 கி.மீ. வேகத்துக்கு வளைவின் ஆரம் ஏறத்தாழ 7 கி.மீ. வேண்டும், எனவே ஓர் ஊரையோ ஏரியையோ கண்டு அந்தப் பாதை ஒதுங்கிப் போகாது. கிணறு ரயில்பாதைக் கரைக்கு இந்தப் பக்கமும் வயல் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோன உழவர், டிராக்டரை அடுத்த சுரங்க வழி வரை ஓட்டிச் சென்று திரும்பிவர வேண்டும். எடுத்த நிலத்துக்கு மட்டும் விலை கொடுப்பது நியாயமாகுமா? பிரிட்டனில் அதிவேக ரயில்பாதையின் செலவு ஏறிக்கொண்டே போய், அதன் மான்செஸ்டர் வரையிலான பகுதி 2023 அக்டோபரில் கைவிடப்பட்டதையும் பார்த்தோம்.

இருப்புப்பாதை:
உழவரைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்த இழப்பு முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். ஆனால் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. 1981இல் பாரிஸ்–லியோன் தடத்தில் ஓடத் தொடங்கிய வண்டிகள், நகரங்களுக்குள் பழைய பாதையிலேயே நுழைந்து, வெட்டவெளியில் மட்டும் புதுப்பாதையில் விரைந்தன.

மேட்டுநிலம்:
பிரான்சில் பழையதற்கும் புதியதற்கும் தண்டவாள இடைவெளி ஒரே 1435 மி.மீ. என்பதால் அது முடிந்தது. ஸ்பெயினின் பழைய பாதை 1668 மி.மீ.; 1992இல் திறந்த மாட்ரிட்–செவில் பாதையோ 1435 மி.மீ. இரண்டிலும் ஓடுவதற்குச் சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்ளும் வண்டிகள் அங்கே தேவைப்பட்டன.

கணக்கன்:
இருவரும் வேகத்தைத் தொடவே இல்லை. 300இலிருந்து 350க்கு ஏறினால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. 250 போதுமென்றால் வளைவின் ஆரமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும், ஊர்களும் தப்பும்.

இருப்புப்பாதை:
இன்று தப்பும். ஆனால் 210 கி.மீ. வேகத்துக்காக 2.5 கி.மீ. ஆரத்தில் வளைத்த அந்த ஜப்பானியப் பாதையில், இத்தனை ஆண்டுகளாக வண்டிகளை மாற்றி மாற்றிச் செய்தும் இன்றுவரை 285ஐத் தாண்ட முடியவில்லை. வண்டியை மாற்றலாம், ஒருமுறை போட்ட வளைவை யார் நிமிர்த்துவது?